சுவாதி எங்கிருந்து வந்தது?



சில வாரங்களாக இலக்கணப் பயிற்சிகளையும் கட்டுரை வழிகாட்டிகளையுமே இங்குப் பதித்து வந்தேன். இப்பதிவு சற்று வேறானது. ஒரு மாணவிக்கு நான் பட்டிருக்கும் கடனைத் தீர்க்கும் முயற்சி இது. கடன்பட்டுப் பல ஆண்டுகள் ஓடிவிட்டன.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலம் அது. ஆறாம் ஆண்டு வகுப்பில் விண்மீன் கூட்டங்களைப் பற்றிப் போதித்துக் கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். "ஐயா, என்னோட நட்சத்திரம் சுவாதின்னு பாட்டி சொல்வாங்க. கோயில்ல அர்ச்சனைக்கும் அதைத்தான் சொல்வோம். அந்தச் சுவாதிக்கு என்ன வயசு? அது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். "அது தேர்வுக்கு வராது, உட்காரும்மா" என்றேன். உட்கார்ந்துவிட்டாள். அதன்பின் அவ்வாண்டு முழுவதும் அவள் வேறு கேள்வி எதுவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

தேர்வுக்கு வராது என்பது உண்மைதான். ஆயினும் நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் தேர்வன்று. எனக்கு விடை தெரியாது. விடை தெரியாத ஆசிரியனுக்குப் பாடத்திட்டம் நல்ல மறைவிடம். பிற்பாடு வாசிக்கத் தொடங்கியபோதுதான் அச்சிறுமி கேட்ட அதே இரண்டு கேள்விகளையே வானியலாளர்கள் முந்நூறு ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள் என்பதை அறிந்தேன். நாம் வாழும் பால்வீதி மண்டலத்தின் வடிவமும் வரலாறும் அக்கேள்விகளின் வழியாகவே வெளிப்பட்டன.

சுவாதி என்று நம் பஞ்சாங்கம் குறிக்கும் விண்மீனை மேலைநாட்டார் ஆர்க்டூரசு என்பர். நம்மிடமிருந்து ஏறத்தாழ 37 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அதன் விட்டம் சூரியனைப்போல் 25 மடங்கு. ஒளியோ 170 மடங்கு. எரிபொருளின் பெரும்பகுதியைச் செலவிட்டு, முதுமையில் ஊதிப் பெருத்துச் செம்மஞ்சளாக ஒளிரும் இத்தகைய விண்மீன்களைச் செம்பெருமீன்கள் எனலாம். நம் சூரியனும் இன்னும் சில நூறு கோடி ஆண்டுகளில் இந்நிலையை அடையும்.

முதலில் நகர்வைப் பார்ப்போம். விண்மீன்கள் வானில் பதிக்கப்பட்டவை, அசையாதவை என்றே பன்னெடுங்காலம் உலகம் நம்பியிருந்தது. 1718-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எட்மண்டு ஆலி, பண்டைய கிரேக்கர்கள் குறித்துவைத்த இடங்களோடு தம் காலத்து அளவீடுகளை ஒப்பிட்டார். சுவாதி நகர்ந்திருந்தது. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளில் இரண்டு முழுநிலவின் அகலத்துக்கும் மேல் அது இடம்பெயர்ந்திருந்தது. வால்மீனால் புகழ்பெற்ற அதே ஆலிதான் இவர். அசையாதது என்று கருதப்பட்ட வானம் அசைகிறது என்று உலகுக்குக் காட்டிய விண்மீன்களுள் ஒன்று, அச்சிறுமியின் சுவாதி! வகுப்பில் அன்று இதைச் சொல்லியிருக்கலாம்.

1785-இல் வில்லியம் எர்செல், தங்கை கரோலினின் துணையோடு, வானின் பல திசைகளில் விண்மீன்களை எண்ணிப் பால்வீதியின் வரைபடம் ஒன்றை வரைந்தார். அதில் சூரியன் ஏறத்தாழ நடுவில் இருந்தது. தூசுப்படலம் தொலைவை மறைக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. மூடுபனியில் நிற்பவனுக்குத் தான் நிற்குமிடமே உலகின் நடுவாகத் தோன்றும் அல்லவா? 1918-இல் அமெரிக்கரான ஆர்லோ சாப்ளி அந்த மயக்கத்தைக் கலைத்தார். கோளக் கொத்துகள் எனப்படும் விண்மீன் திரள்களின் தொலைவை, அவற்றிலுள்ள மாறொளி விண்மீன்களையும் ஒளிமிக்க பெருமீன்களையும் கொண்டு அளந்தார். அத்திரள்கள் சூரியனைச் சுற்றி அமையவில்லை; தனுசு இராசியின் திசையில் வெகுதொலைவிலுள்ள ஒரு புள்ளியைச் சுற்றி அமைந்திருந்தன. அதுவே பால்வீதியின் மையம். அவர் கணித்த தொலைவு இன்றைய அளவைவிட இரு மடங்குக்கும் அதிகம். எனினும் திசையில் அவர் பிழை செய்யவில்லை. நாம் மையத்திலிருந்து ஏறத்தாழ 26,000 ஒளியாண்டு தள்ளி, ஒரு புறநகரில் குடியிருக்கிறோம்.

இனி வேதியியல். விண்மீனின் ஒளியை முப்பட்டகம் கொண்டு பிரித்தால் நிறமாலை கிடைக்கும். அதன் குறுக்கே மெல்லிய கருங்கோடுகள் ஓடும். ஒவ்வொரு தனிமத்துக்கும் தனிக்கோடுகள் உண்டு. அக்கோடுகளின் அழுத்தத்திலிருந்து தனிமத்தின் அளவை எப்படிக் கணக்கிடுவது? அதற்கான திறவுகோலை 1920-இல் அளித்தவர் நம் மேகநாத சாகா. வெப்பநிலைக்கு ஏற்ப அணுக்கள் மின்னணுக்களை இழக்கும் விதத்தை அவருடைய சமன்பாடு கூறுகிறது. அதைப் பயன்படுத்தி 1925-இல் ஆர்வர்டில் ஆய்வேடு எழுதிய சிசிலியா பெயின் என்னும் இளம்பெண், விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனவை என்ற முடிவுக்கு வந்தார். புவியைப் போலவே விண்மீன்களும் ஆனவை என்று பேரறிஞர்கள் நம்பியிருந்த காலம் அது. என்றி நாரிசு ரசல் என்னும் மூத்த அறிஞர் அந்த முடிவை ஏற்கவில்லை. பெயினும் தம் ஆய்வேட்டிலேயே, அம்முடிவு பெரும்பாலும் உண்மையாக இராது என்று எழுத நேர்ந்தது. நான்கே ஆண்டுகளில், 1929-இல், ரசல் தாமே வேறு வழியில் அதே முடிவை எட்டினார். பெயினின் பணியை அவர் குறிப்பிடவே செய்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் அந்த நான்கு ஆண்டுகளை நினைக்கும்போதெல்லாம் என் வகுப்பின் பின்வரிசைதான் கண்முன் வருகிறது.

நகர்வு ஒரு புறம், வேதியியல் மறுபுறம் என இரண்டும் தனித்தனியே வளர்ந்தன. இரண்டையும் முடிச்சுப்போட்ட கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதற்கு முன்னுரையாக அமைந்தது போர்க்கால இருட்டு. இரண்டாம் உலகப் போரின்போது லாசு ஏஞ்சலசு நகரின் விளக்குகள் அணைக்கப்பட்டன. வால்டர் பாடே செருமனிக் குடிமகன். ஆதலால் போர்ப்பணிகளில் அவரைச் சேர்க்கவில்லை. சக அறிஞர்கள் பலரும் போர்ப்பணிக்குச் சென்றுவிட, வில்சன் மலையின் 100 அங்குலத் தொலைநோக்கியும் இருண்ட வானமும் அவருக்குத் தாராளமாகக் கிடைத்தன. ஆந்திரமேடா மண்டலத்தின் நடுப்பகுதியை அவர் சிவப்பொளிக்கு உணர்வுள்ள தகடுகளில் படமெடுத்தார். அதுவரை வெறும் மங்கலாகத் தெரிந்த பகுதி, தனித்தனிச் செம்பெருமீன்களாகப் பிரிந்து தெரிந்தது. சுருள்கரங்களில் இளைய நீலமீன்கள், நடுவிலும் புறத்திலும் முதிய செம்மீன்கள் என விண்மீன்கள் இரு வகைக் குடிகள் என்று 1944-இல் அறிவித்தார். வடிவத்துக்கும் வயதுக்கும் தொடர்புண்டு என்பது அன்று புலனாயிற்று.

பின்னர் வந்தவர் நான்சி கிரேசு ரோமன். 1925-இல் பிறந்தவர். உயர்நிலைப் பள்ளியில் இலத்தீன் மொழிக்குப் பதிலாக இரண்டாவது ஆண்டும் இயற்கணிதம் பயில விரும்பினார். எந்தப் பெண்பிள்ளை இப்படிக் கேட்பாள் என்னும் தோரணையில் அவருடைய வழிகாட்டி ஆசிரியர் முகம் சுளித்தாராம். விசுகான்சின் மாநிலத்திலுள்ள யெர்க்சு வானாய்வகத்தில் பணியாற்றுகையில், சூரியனை ஒத்த ஒளிமிக்க விண்மீன்களின் நிறமாலைகளை அவர் வகைப்படுத்தினார். பொறுமையைச் சோதிக்கும் வேலை அது. நூற்றுக்கணக்கான கட்டுரைப் புத்தகங்களைத் திருத்துவதைப் போன்றது. சில விண்மீன்களில் உலோகக் கோடுகள் அழுத்தமாக இருந்தன; சிலவற்றில் மெலிந்திருந்தன. வேறு யாராயினும் இதைக் குறித்துக்கொண்டு அடுத்த தகட்டுக்குச் சென்றிருப்பர். அவரோ அவ்விண்மீன்களின் நகர்வை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கோடுகள் அழுத்தமானவை, மண்டல மையத்தை ஏறத்தாழ வட்டப் பாதையில், தட்டையொட்டி ஒழுங்காகச் சுற்றின. கோடுகள் மெலிந்தவை நீள்வட்டமாகவும் சாய்வாகவும் ஓடின. 1950-இல் இதை வெளியிட்டார். இரண்டு ஆண்டுகளில் பெருமீன்களையும் சேர்த்து ஆய்வை விரிவாக்கினார்.

இதன் பொருளை ஒரு வீட்டுக் கதையால் விளக்குகிறேன். என் பாட்டிக்குப் பிறப்புப் பத்திரம் கிடையாது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பலருக்கும் அப்படித்தான். அடையாள அட்டையில் இருந்த தேதி, யாரோ ஓர் எழுத்தர் குத்துமதிப்பாக எழுதியது. அப்பாதான் பாட்டியின் உண்மை வயதைக் கணக்கிட்டார். சப்பான்காரன் வந்தபோது இடுப்பில் எந்தப் பிள்ளை இருந்தது என்பது ஒரு சான்று. பேச்சில் கலந்திருந்த ஊர்ச் சொற்கள் அவருடைய பெற்றோரின் பிறந்த மண்ணைக் காட்டின. கோணியைத் தலையில் சுமந்து பழகிய நடை அவர் செய்த வேலையைச் சொன்னது. விண்மீன்களுக்கும் பிறப்புப் பத்திரம் இல்லை. அவற்றின் நடை நகர்வில் உள்ளது. எங்குப் போனாலும் மாறாத பேச்சு வழக்கோ வேதியியலில் உள்ளது.

ஏன் மாறாது? விண்மீன் எந்த முகிலிலிருந்து பிறந்ததோ அம்முகிலின் தனிமக் கலவை அதன் மேற்பரப்பில் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடுகிறது. அக்கலவையோ இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் வேறுபடுகிறது. பெருவெடிப்பில் உண்டானவை ஏறக்குறைய ஹைட்ரஜனும் ஹீலியமும் மட்டுமே. மற்றவை விண்மீன்களின் உலையில் சமைந்தவை. மிகப் பெரிய விண்மீன்கள் சில பத்து இலட்சம் ஆண்டுகளிலேயே சூப்பர்நோவாவாக வெடித்து ஆக்சிஜன், மக்னீசியம் போன்றவற்றை இறைக்கின்றன. இரும்பின் பெரும்பகுதியோ வெண்குறுமீன்களின் வெடிப்பால் தாமதமாக வந்து சேர்கிறது. ஆகவே இரும்போடு ஒப்பிட மக்னீசியம் மிகுந்திருந்தால், அவ்விண்மீன் இரும்பு வந்து சேருமுன் விரைந்து பிறந்த தலைமுறையைச் சேர்ந்தது என்று கொள்ளலாம்.

இச்சான்றுகளைக் கொண்டு இரு பெரும் வழக்குகள் எழுந்தன. 1962-இல் எகன், லிண்டன்-பெல், சாண்டேசு ஆகிய மூவர் 221 விண்மீன்களின் பாதைகளையும் உலோக அளவையும் ஆராய்ந்து, ஒரே பெரும் வாயுமுகில் விரைந்து சுருங்கிப் பால்வீதி உருவானது என்றனர். 1978-இல் சியர்ல், சின் ஆகிய இருவர் 19 கோளக் கொத்துகளிலுள்ள 177 செம்பெருமீன்களை ஆராய்ந்தனர். புறமண்டலத்துக் கொத்துகளின் உலோக அளவு, மையத்திலிருந்து விலகும் தொலைவுக்கு ஏற்பக் குறையவில்லை. ஒரே முகில் ஒழுங்காகச் சுருங்கியிருந்தால் அப்படி இராது. சிறு சிறு துண்டுகள் நெடுங்காலம் வந்து சேர்ந்தே நம் மண்டலத்தின் புறப்பகுதி உருவானது என்பது அவர்கள் முடிவு. அதாவது, ஒரே ஊராரா, பல ஊர்களிலிருந்து வந்து குடியேறியவர்களா என்பதே வழக்கு.

இவ்வாய்வுகளில் செம்பெருமீன்களுக்கு ஏன் இத்தனை மதிப்பு? நூறு மடங்கு ஒளியுள்ள விண்மீனைப் பத்து மடங்கு தொலைவிலும் காணலாம். சூரியனையொத்த மீன்களைக் கொண்டு நம் அண்டை அயலைத்தான் ஆராய முடியும். பெருமீன்களைக் கொண்டு மையத்திலிருந்து விளிம்புவரை செல்லலாம். ஒரேயொரு குறை, அவற்றின் வயது! ஊதிப் பெருத்த நிலையில் 200 கோடி வயதுக்காரரும் 1,000 கோடி வயதுக்காரரும் ஏறக்குறைய ஒரே தோற்றத்தில் இருப்பர்.

இதைத் தீர்த்தது ஓசை என்று சொன்னால் வியப்பீர்கள். விண்மீன்கள் மத்தளம்போல் அதிர்கின்றன. அவ்வதிர்வால் அவற்றின் ஒளி மிகச் சிறிதளவு கூடிக் குறைகிறது. 2006-இல் ஏவப்பட்ட கோரோ, 2009-இல் ஏவப்பட்ட கெப்ளர் ஆகிய விண்கலங்கள் ஆயிரக்கணக்கான செம்பெருமீன்களில் இவ்வதிர்வைப் பதிவு செய்தன. அதிர்வு நிறையைச் சொல்லும். நிறை தெரிந்தால் வயதைக் கணிக்கலாம். நிறை மிகுந்த விண்மீன் விரைவாகவும், நிறை குறைந்தது மெதுவாகவும் பெருமீன் நிலையை அடையும். சூரியனைப்போல் இரு மடங்கு நிறையுள்ளது ஏறத்தாழ 100 கோடி ஆண்டிலேயே முதுமை எய்தும். சூரியனுக்கு அதற்கு 1,000 கோடி ஆண்டு வேண்டும். பெருமீனாகும்போது உள்ளிருந்து மேலே வரும் கார்பன், நைட்ரஜன் விகிதமும் நிறையைப் பொறுத்து மாறுவதால், நிறமாலையிலிருந்தே வயதை மதிப்பிடும் வழியும் கிடைத்தது.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 2011-இல் தொடங்கிய அப்போசி என்னும் கணக்கெடுப்பு, தூசை ஊடுருவும் அகச்சிவப்பு ஒளியில் செம்பெருமீன்களை அளந்தது. பின்னர் சிலி நாட்டிலிருந்தும் தொடர்ந்து, ஆறரை இலட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை அளந்து முடித்தது. 2015, 2016 ஆண்டுகளில் ஏறத்தாழ 70,000 செம்பெருமீன்களைக் கொண்டு வெளிவந்த வரைபடங்கள் என்னைப் போன்ற பாமரனுக்கும் புரிந்தன. உள்ளே முதியோர், விளிம்பில் இளையோர். பால்வீதியின் தட்டு உள்ளிருந்து வெளிநோக்கி வளர்ந்திருக்கிறது. மக்னீசியம் மிகுந்த முதியோர் தடித்த தட்டில் மேலும் கீழும் பரவியுள்ளனர். இளையோர் மெல்லிய தட்டில் ஒடுங்கியுள்ளனர். பிறந்த இடத்தை விட்டு வெகுதொலைவு குடிபெயர்ந்த மீன்களும் அவற்றின் வேதியியலால் அகப்பட்டன.

நகர்வை அளப்பதில் முன்னெப்போதும் இல்லாத பாய்ச்சலை நிகழ்த்தியது ஐரோப்பாவின் கையா விண்கலம். 2013 டிசம்பரில் ஏவப்பட்டு, 2025 சனவரியில் அளவீட்டை முடித்துக்கொண்டது. 2018 ஏப்ரலில் அது வெளியிட்ட பட்டியலில் 130 கோடிக்கும் அதிகமான விண்மீன்களின் தொலைவும் நகர்வும் இருந்தன. அந்த ஆண்டே இரு குழுவினர் தனித்தனியே ஓர் உண்மையைக் கண்டனர். சூரியனுக்கு அருகே புறமண்டலப் பாதைகளில் ஓடும் மீன்களுள் பெரும்பகுதி, ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் பால்வீதி விழுங்கிய வேறொரு மண்டலத்தின் பிள்ளைகள். அமீனா எல்மியின் குழு, கையாவின் நகர்வோடு அப்போசியின் வேதியியலைச் சேர்த்துப் பார்த்தே இதை உறுதிசெய்தது. நான்சி ரோமன் 1950-இல் தகடுகளை வைத்துச் செய்ததும் இதே ஒப்பீடுதான். அவர் 2018 டிசம்பரில், 93-ஆம் அகவையில் மறைந்தார். பெண் என்பதால் நிரந்தரப் பணி கிட்டாது என்று உணர்ந்து யெர்க்சிலிருந்து விலகிய அவர், நாசாவின் முதல் வானியல் தலைவராகி, அப்புல் தொலைநோக்கிக்கு அடித்தளமிட்டவர். நாசா 2020-இல் தன் புதிய விண்தொலைநோக்கிக்கு அவர் பெயரைச் சூட்டியது.

சியர்ல், சின் இருவரின் பக்கம் தீர்ப்பு சாய்ந்துவிட்டது என்று கூறலாம், முழுவதுமாக அன்று. புறமண்டலம் வந்து குடியேறியோரால் நிறைந்தது. தடித்த தட்டோ இங்கேயே பிறந்தவர்களுடையது. அது 1,300 கோடி ஆண்டுகளுக்கு முன்பே உருவாகத் தொடங்கிவிட்டது என்று, பெருமீனாகும் இடைநிலையிலுள்ள ஏறத்தாழ 2,50,000 மீன்களை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டனர்.

சரி, சுவாதி எந்தப் பக்கம்? அதன் இரும்பு சூரியனில் உள்ளதில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. இரும்போடு ஒப்பிட்டால் மக்னீசியமோ சூரியனில் இருப்பதைப்போல் இரு மடங்குக்கும் மேல். மண்டலத்தைச் சுற்றும்போது சூரியனைவிட நொடிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பின்தங்கிச் செல்கிறது. தனியாகவும் செல்லவில்லை, அதே போக்கில் செல்லும் ஒரு கூட்டம் உண்டு என்று எகன் 1971-இல் காட்டினார். 2004-இல் நவாரோ, எல்மி, பிரீமன் ஆகியோர் அக்கூட்டம் வேறொரு மண்டலத்திலிருந்து வந்திருக்கலாம் என்றனர். சுவாதி அயலூர் மீன் என்று அப்போது செய்தியாயிற்று. பிறகு வேதியியல் பேசியது. 2012-இல், பெங்களூரு இந்திய வானியற்பியல் கழக அறிஞர்களும் டெக்சாசு பல்கலைக்கழக அறிஞர் ஒருவரும் அக்கூட்டத்து மீன்களின் தனிமங்களை ஒவ்வொன்றாக அளந்தனர். தடித்த தட்டின் மீன்களிலிருந்து அவற்றைப் பிரித்தறிய முடியவில்லை. அக்கூட்டத்துக்கென்று தனிப் பேச்சு வழக்கும் இல்லை. தடித்த தட்டின் வழக்கே அதற்கும். பால்வீதிக்குள் ஏற்பட்ட ஏதோ ஒரு குலுக்கல் அவற்றை ஒரே போக்கில் திரட்டியிருக்க வேண்டும் என்பதே பெரும்பாலோர் கருத்து.

ஆகவே, அம்மா, உன் சுவாதிக்கு வயது ஏறத்தாழ 700 கோடி ஆண்டு. நூறு கோடி முன்னே பின்னே இருக்கலாம். சூரியனுக்கு 460 கோடிதான். அது இந்தப் பால்வீதியிலேயே பிறந்தது.

மே மாதக் கடைசியிலும் சூன் மாதத்திலும் இரவு பத்து, பதினொரு மணியளவில் நம் நாட்டில் அது உச்சிக்குச் சற்று வடக்கே செம்மஞ்சளாகத் தெரியும். வடவானில் ஏழு முனிவர் கூட்டத்தின் வால்வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு போனால் தவறாமல் அதில் முட்டும். சென்ற சூனில் பள்ளித் திடலில் பெற்றோர் சிலருடனும் பிள்ளைகளுடனும் பார்த்தோம். மேகம் அரைமணி நேரம் வழிவிட்டது. அந்த மாணவி இப்போது எங்கே படிக்கிறாள், பணிபுரிகிறாள் என்பது எனக்குத் தெரியாது. அவளை அறிந்தவர்கள் இப்பதிவைக் காட்டுங்கள். ஐயமிருந்தால் கேட்கச் சொல்லுங்கள்.